எந்த எண் ஏறியிருக்கிறது? கொலஸ்ட்ராலும் செட்டிநாட்டுச் சமையலறையும்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒருவருக்கு ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்துவிட்டால், அன்றைக்கே வீட்டில் இரண்டு தடைகள் விழுந்துவிடும். முட்டை கூடாது, கறி கூடாது. மற்றபடி காலையில் வெள்ளைப் பணியாரம் தொடரும். மதியம் குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று சோறு விழும். நாலு மணிக் காபியோடு தேன்குழலோ சீப்புச் சீடையோ வரும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் எண் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும். நாக்கைக் கட்டிப் போட்டும் பயனில்லையே என்று மனிதர் வெறுத்துப்போய், பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுவார்.

இது அவருடைய மன உறுதியில் உள்ள குறை அல்ல. ரிப்போர்ட்டில் எந்த வரி ஏறியிருக்கிறது என்று யாரும் அவருக்குப் பிரித்துச் சொல்லவில்லை. கொலஸ்ட்ரால் என்று பொதுவாக நாம் சொல்வதற்குள் வெவ்வேறு காரணங்களால் ஏறி இறங்கும் வெவ்வேறு எண்கள் இருக்கின்றன. செட்டிநாட்டுச் சாப்பாட்டில் அந்தக் காரணங்கள் தனித்தனிப் பாத்திரங்களில் இருக்கின்றன.

இரண்டு ரிப்போர்ட்டுகளைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 240, எச்.டி.எல். ('நல்ல கொலஸ்ட்ரால்' என்று சொல்வது) 55, டிரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) 100. இரண்டாமவருக்கு மொத்தம் 210, எச்.டி.எல். 35, டிரைகிளிசரைடு 250. 'கெட்ட கொலஸ்ட்ரால்' என்று சொல்லும் எல்.டி.எல்.லைப் பெரும்பாலான பரிசோதனைக் கூடங்கள் ஒரு கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். (டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது.) அதன்படி முதலாமவரின் எல்.டி.எல். 165, இரண்டாமவருடையது 125. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் முதலாமவருக்குத்தான் ஆபத்து, இரண்டாமவருக்கு 'கொஞ்சம்தான் கூட' என்று சொல்லிவிடுவார். ஆனால் எச்.டி.எல். குறைந்து டிரைகிளிசரைடு ஏறிய அந்த இரண்டாவது ரிப்போர்ட்தான் நம் மக்களிடம் அதிகம் காணப்படும் வகை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'இந்தியாப்' ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் எடுத்த முடிவுகளை 2014இல் வெளியிட்டது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் அதில் சுமார் 14 சதவீதம்தான். டிரைகிளிசரைடு கூடியவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். எச்.டி.எல். குறைந்தவர்களோ 72 சதவீதம்.

முட்டையும் கறியும் மட்டும் குற்றவாளிகளாக இருந்தால் இந்த எண்கள் இப்படி வராது.

முதலில் எல்.டி.எல். நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி சாப்பாட்டிலிருந்து வருவதில்லை, உடலே தயாரித்துக்கொள்வது. உயிரணுச் சவ்வுக்கும், ஹார்மோன்களுக்கும், பித்தநீருக்கும் அது தேவை. அதை ரத்தத்தில் சுமந்து செல்லும் துகள்தான் எல்.டி.எல். வேலை முடிந்த துகள்களைக் கல்லீரல் தன் உயிரணுக்களின் மேல் உள்ள ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்மாயில் நீர்மட்டம் ஏறுவதற்கு வரத்து கூடியிருக்கத்தான் வேண்டும் என்பதில்லை, உபரி நீர் வெளியேறும் கலிங்கு அடைபட்டாலும் ஏறும். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில், கறிக்கொழுப்பு ஆகியவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு இந்த ஏற்பிகளைக் குறைத்து, கலிங்கை அடைக்கும் வேலையைத்தான் செய்கிறது. உணவில் நேராக வரும் கொலஸ்ட்ராலின் பங்கு பெரும்பாலோருக்குச் சிறியது. அமெரிக்க உணவு வழிகாட்டி நெறிகள் நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை 2015இல் கைவிட்டதற்குக் காரணம் இதுவே.

ஆகவே முட்டையைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். ஒரு முட்டையில் 200 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாகக் கொலஸ்ட்ரால் உண்டு, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளட்டும். இறாலும் அப்படித்தான், குழம்பில் போட்டால் பயமில்லை. விதிவிலக்காக நான் சொல்வது ஆட்டு மூளை. 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருக்கிறது. மெஸ்ஸில் அதை எண்ணெயில் பிரட்டியும் தருகிறார்கள். ஏற்கெனவே எல்.டி.எல். கூடியவர் அதை விட்டுவிடுவது நல்லது. ஆட்டுக்கறி வாங்கும்போது கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சேர்க்கும் வழக்கத்தையும் விட வேண்டும். நாட்டுக்கோழியைத் தோல் நீக்கி, தண்ணிக் குழம்பாக வைத்தால் சுவையில் ஒரு குறையும் வராது. சோம்பும் மிளகும் கல்பாசியும் தரும் மணத்துக்கு எண்ணெய் மிதக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெய் மிதப்பதைச் செட்டிநாட்டின் அடையாளமாக்கியவை ஊர் ஊராகப் பெயர்ப்பலகை மாட்டிய ஓட்டல்கள். செட்டிநாட்டு வீடுகளில் அன்றாடம் வைக்கும் இளங்குழம்பையும் சும்மா குழம்பையும் சாப்பிட்டவர்களுக்கு இது தெரியும்.

எண்ணெய் விஷயத்தில் இந்த மண்ணின் பழைய தேர்வு நல்ல தேர்வு. நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு சுமார் 15 சதவீதம். கடலை எண்ணெயில் இருபதுக்குள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. நெய்யில் 60 சதவீதத்துக்கு மேல், தேங்காய் எண்ணெயில் 80க்கும் மேல். ரேஷன் கடையில் மலிவு விலையில் மாதம் ஒரு லிட்டர் பாமாயில் கிடைப்பதால், பல வீடுகளில் பொரிக்கும் எண்ணெய் அதுவாகிவிட்டது. கையில் காசு குறைந்த குடும்பத்தை இதற்காகக் குறை சொல்ல முடியாது. பொரிப்பதைக் குறைத்து, அந்த ஒரு லிட்டரை இரண்டு மாதத்துக்கு இழுக்க முடிந்தால் அதுவே பெரிய மாற்றம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மரச்செக்கு எண்ணெய் என்றால் எவ்வளவு ஊற்றினாலும் கெடுதல் இல்லை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. மணம் கூடும், சுத்திகரிப்பு இல்லை, உண்மைதான். ஆனால் அதன் கொழுப்பமைப்பும் கலோரியும் மாறுவதில்லை. எந்தச் செக்கில் ஆட்டினாலும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பாக்கெட்டில் அச்சடிப்பதற்கும் மயங்க வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் என்றும் இருந்ததில்லை.

இந்தப் பகுதியில் கவனம் செலுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது பலகாரம் சுட்ட பின் வாணலியில் மிஞ்சும் எண்ணெய். வீட்டில் என்ன நடக்கிறது? முறுக்கு, சீடை எல்லாம் சுட்டு முடிந்ததும் எண்ணெயை ஆறவைத்து, அடியில் படிந்த கருந்தூளை வடிகட்டி, ஒரு தூக்கில் ஊற்றி மூடி வைக்கிறோம். அடுத்த வாரம் முழுக்கத் தாளிப்புக்கும் அப்பளம் பொரிக்கவும் அதுவே போகிறது. கொட்டிவிட மனம் வராது, விலை அப்படி. ஆனால் ஒவ்வொரு முறை கொதிக்கும்போதும் எண்ணெய் சிதைந்து, உடலுக்கு ஆகாத சேர்மங்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். நிறம் கறுத்து, கையில் பிசுக்கென்று ஒட்டி, சூடாக்கும்போது நுரை மேலெழுந்து அடங்காமல் நின்றால் அந்த எண்ணெய் முடிந்துவிட்டது என்று பொருள். கடைகளுக்கு இதில் சட்டமே உண்டு. எண்ணெயில் சிதைவுப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. மொறுமொறுப்புக்காக வனஸ்பதி சேர்ப்பதும் முன்பு பரவலாக இருந்தது. அதில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்.டி.எல்.லை ஏற்றுவதோடு எச்.டி.எல்.லையும் இறக்கிவிடும். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், வனஸ்பதி போன்றவற்றில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வீட்டில் செய்யக்கூடியது எளிது: சிறிய வாணலி, குறைந்த எண்ணெய், குறைந்த ஈடு. மிஞ்சுவது கொஞ்சமாக இருந்தால் தாளித்துத் தீர்ப்பதற்கு ஒரே நாள் போதும்.

இனி இரண்டாவது ரிப்போர்ட். டிரைகிளிசரைடு ஏறுவதற்கு எண்ணெயைவிடச் சோறும் சர்க்கரையும் மதுவும்தான் பெரிய காரணங்கள். செலவழியாத மாவுச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. ஒரு பகுதி கல்லீரலிலேயே தங்கிக் கொழுப்புக் கல்லீரல் ஆகிறது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு மிகும்போது எச்.டி.எல். துகள்கள் வேகமாகக் கழிந்துபோகின்றன. எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகி, ரத்தக் குழாய்ச் சுவருக்குள் எளிதாகப் புகும் வடிவத்துக்கு வருகின்றன. எல்.டி.எல். 125தானே என்று நாம் நிம்மதியாக இருந்த அந்த இரண்டாமவரின் கதை இதுதான். அவர் மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பார்க்க வேண்டும். 175 வரும். 130க்குள் இருக்க வேண்டிய எண் அது. ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்காவிட்டாலும் யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்தியர்களின் அன்றாடக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே 'இந்தியாப்' ஆய்வின் உணவுக் கணக்கு 2025இல் சொன்னது. செட்டிநாட்டில் அதை எங்கே தேடுவது? வெள்ளைப் பணியாரத்தையே பார்க்கலாம். உழக்கில் பச்சரிசியை அளந்து, அதன் தலைமேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து, ஊறவைத்து வெண்ணெயாக ஆட்டி, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றினால் அது ஓரம் சிவக்காமல் வெள்ளையாக உப்பி மேலே வரும். மிளகாய்த் துவையலோடு அதைத் தின்னும் சுகத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அதில் இருப்பது அரிசி, எண்ணெய், சிறிதளவு உளுந்து. விருந்தாளி வந்தாலும் கல்யாணமானாலும் சுட்ட பண்டம், இன்றைக்குத் தெருமுனைக் கடையில் தினமும் காலை ஏழு மணிக்குக் கிடைக்கிறது. தேன்குழலும் மணகோலமும் அதிரசமும் இப்படியே. நோன்புக்கும் திருமணத்துக்கும் ஆச்சிமார் கூடியிருந்து சுட்ட காலத்தில், சுடும் உழைப்பே தின்னும் அளவுக்கு ஒரு வேலியாக இருந்தது. இப்போது டப்பா டப்பாவாகக் கடையில் கிடைக்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் போகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள் ஒரு வேளைச் சமையலுக்குச் சோம்பிப் பலகாரத்தையும் காபியையும் வைத்தே பொழுதை ஓட்டுவதையும் பார்க்கிறோம். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கவுனி அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மாவோடு நகரத்தாருக்கு இருந்த தொடர்பின் வழியே இங்கு வந்து நிலைத்த கறுப்பரிசி அது. தவிட்டோடு இருப்பதால் நார்ச்சத்தும் நிறமிச் சத்தும் உண்டு. ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கிளறிய கவுனி அரிசி ஓர் இனிப்பு. உடம்புக்கு நல்லது என்று சொல்லி இரண்டாம் கிண்ணம் வாங்குவதற்கு அது காரணமாகக் கூடாது.

சோற்றை விடச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. விட்டவர் பத்து நாளில் திரும்பி வருவார். இலையில் இடம் மாற்றினால் போதும். பாதி இலைக்குக் காய், கால் பங்குக்குப் பருப்போ மீனோ கோழியோ, மிச்சக் காலில் சோறு. அதைச் செய்வதற்கு வேறு ஊர் உணவு எதையும் இரவல் வாங்க வேண்டியதில்லை. வெண்டைக்காய் மண்டி என்று ஒன்று இங்கு உண்டு. அரிசி கழுவிய தண்ணீரில் புளியைக் கரைத்து, வெண்டைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் சேர்த்து வற்றவைப்பது. மொச்சையோ தட்டைப்பயறோ வேகவைத்துப் போடுவார்கள். வெண்டைக்காயின் வழவழப்பும் பயறின் உள்ளே இருப்பதும் கரையும் நார்ச்சத்து. அது குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றிவிடும். இழந்த பித்தத்தை மறுபடி தயாரிக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுத்துக்கொள்ளும். அடைபட்ட கலிங்கைத் திறந்துவிடும் உணவு இதுதான். நாளுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார்ச்சத்து கூடினால் எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறையும். கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும். நிறைவுற்ற கொழுப்பைக் குறைப்பதோடும் எடையைக் குறைப்பதோடும் சேரும்போது அது கூடிவரும். வெந்தயம், அவரை, கொத்தவரை, கத்தரிக்காய், பாசிப்பருப்பு மசியல் எல்லாம் இந்த வரிசைதான். மாலைப் பலகாரத்துக்குப் பதிலாக அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, உப்பு அளவாக. தொண்டிக் கரையிலிருந்து வரும் மத்தியைக் குழம்பு வைத்தால் டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் ஒமேகா 3 கொழுப்பு கிடைக்கும். அதையே கறுத்த எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால் பாதிப் பயன் போய்விடும்.

பூண்டுப் பாலும், வெந்நீரில் எலுமிச்சையும், 'அடைப்பைக் கரைக்கும்' கஷாயங்களும் வாட்ஸப்பில் வலம் வருகின்றன. பூண்டால் சிறு குறைவு உண்டு என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்ததை வெந்நீர் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

நடை. தைப்பூசத்துக்குக் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் மரபு உள்ள மண் இது. நாள் கணக்கில் நடக்கும் கால்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கின்றன. ஆனால் பழனியிலிருந்து திரும்பியதும் அடுத்த தெருக் கடைக்கும் வண்டி எடுக்கிறோம். நடையால் டிரைகிளிசரைடு குறையும் பலன் இரண்டொரு நாள்தான் நீடிக்கும், சேமித்து வைக்க முடியாது. ஆகவே வாரத்துக்கு 150 நிமிடம், ஐந்தாறு நாள்களில் பகிர்ந்து, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பதுதான் வேலைக்கு ஆகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் தெருவைச் சுற்றினால் இன்னும் நல்லது. செட்டிநாட்டுத் தெருக்கள் அதற்கென்றே போட்டதுபோல் நேராகவும் அகலமாகவும் இருக்கின்றன. வெயில் கொளுத்தும் சித்திரையில் வீட்டுக்குள்ளேயே முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை நடக்கலாம், அவ்வளவு நீளமான வீடுகள். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் டிரைகிளிசரைடு ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். புகைப்பதை நிறுத்தினால் எச்.டி.எல். மெல்ல ஏறும். டிரைகிளிசரைடு கூடியவர் மதுவை விடுவது இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும்விட வேகமாகப் பலன் தரும், தயங்காமல் சொல்கிறேன். 500க்கு மேல் போனவருக்குக் கணைய அழற்சி வரும் ஆபத்து உண்டு. அவர் உணவை மாற்றிப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

மாற்றம் தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்கலாம். கல்யாண வாரத்தில் சோதிக்க வேண்டாம். இரண்டு நாள் விருந்து டிரைகிளிசரைடைத் தாறுமாறாக ஏற்றிக் காட்டும். எல்.டி.எல். திடீரென்று கூடியிருந்தால் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அது குறைவாகச் சுரந்தாலும் எல்.டி.எல். ஏறும்.

மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது அரைகுறைக் கட்டுரை. உணவையும் நடையையும் ஒழுங்காகக் கடைப்பிடிப்பவருக்கு எல்.டி.எல். பத்துப் பதினைந்து சதவீதம் குறையலாம், மிகக் கண்டிப்பாக இருப்பவருக்கு இன்னும் கொஞ்சம். ஸ்டாட்டின் மாத்திரை 30 முதல் 50 சதவீதம் குறைக்கும். எல்.டி.எல். ஏறக்குறைய 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகின்றன என்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த சோதனைகளின் கூட்டு முடிவு. ஸ்டென்ட் வைத்தவரும் மாரடைப்பு வந்தவரும் வெண்டைக்காய் மண்டியை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. எண் நன்றாக வந்துவிட்டதே என்று நிறுத்துபவர்கள் ஏராளம். அந்த எண் நன்றாக வந்ததே மாத்திரையால்தான். தசைவலியோ வேறு தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

சிலருக்கு எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் எல்.டி.எல். 190க்குக் கீழே வராது. ஒல்லியாக இருப்பார், சைவமாக இருப்பார், தினமும் நடப்பார். ஏற்பி சரியாக வேலை செய்யாத மரபுக் குறை அது. ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் குடும்பங்களில் இரு பக்கமும் அந்தக் குறை இருந்துவிட்டால், குழந்தைக்கு மிகக் கடுமையான வடிவம் வரக்கூடும். இத்தகையவரை நீ வாயைக் கட்டவில்லை என்று வீட்டில் திட்டுவது அநியாயம். அவருக்குத் தேவை மருந்து. அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் தேவை ஒரு ரத்தப் பரிசோதனை. குடும்பத்தில் ஐம்பத்தைந்து வயதுக்குள் மாரடைப்பு வந்த ஆண் ஒருவரோ, அறுபத்தைந்துக்குள் வந்த பெண் ஒருவரோ இருந்தால், பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் அதை எடுத்துப் பார்த்துவிடலாம்.